மொட்டைக் கடிதமும் நம் கைகளும்

மொட்டைக் கடிதம் என்ற சொல்லை அறியாத தமிழர் இரார். அதில் எழுதியவரின் பெயர் இராது, ஊர் இராது, பல வேளைகளில் நாளும் இராது. குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் மட்டும் துலக்கமாக இருக்கும். பங்கு அலுவலகத்திலும் பள்ளித் தலைமையாசிரியர் மேசையிலும் அரசு அலுவலகங்களிலும் இத்தகைய கடிதங்கள் காலங்காலமாக வந்து விழுந்திருக்கின்றன. விவரமறிந்தோர் அவற்றைக் கிழித்துக் குப்பைக் கூடையில் இடுவர். சொன்னதற்குப் பொறுப்பேற்க ஆள் இல்லையெனில் அந்தச் சொல் சாட்சியமாகாது என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நடைமுறை ஞானம்.

இன்றோ மொட்டைக் கடிதம் தாளில் வருவதைவிடக் கைப்பேசியில் வருவதே மிகுதி. அதைக் கொண்டுவருபவர் முகமறியாத ஒருவர் அல்லர். நம் தாய்மாமன் கொண்டுவருகிறார். பாடகர் குழுத் தோழர் கொண்டுவருகிறார். அயல்நாட்டில் பணிபுரியும் நம் மகள் கொண்டுவருகிறாள். எழுதியவர் யார் என்ற கேள்வி எழுமுன்னரே, கொண்டுவந்தவரின் முகம் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறது. மாமா பொய் சொல்லமாட்டார் என்று நம்புகிறோம். அவர் பொய் சொல்லவில்லை என்பதும் உண்மையே. அவர் எதையும் சொல்லவே இல்லை. கைக்கு வந்ததைக் கைமாற்றினார், அவ்வளவே. பழைய மொட்டைக் கடிதத்திற்கு இல்லாதிருந்த நம்பகத்தன்மை புதியதற்கு இவ்வாறுதான் வந்து சேர்கிறது. அமைதியான நாள்களில் இதனால் விளையும் கேடு சிறிது. குண்டு வெடித்து, குருதி சிந்தி, ஊரே நிலைகுலைந்து நிற்கும் நாள்களில் அக்கேடு எவ்வளவு பெரிது என்பதை, நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு நிகழ்வைக் கொண்டு ஆராய விழைகிறோம்.

குருதியில் நனைந்த உயிர்ப்பு ஞாயிறு

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. காலை ஒன்பது மணியை ஒட்டி, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் நட்சத்திர விடுதிகள் மூன்றிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொச்சிக்கடை, மொழியும் மதமும் பாராது எல்லாரும் வந்து மெழுகுதிரி ஏற்றும் இடம். பாக் நீரிணைக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அது அயலார் ஆலயம் அன்று.

அன்று சமூக ஊடகங்கள் செய்த நன்மையை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை. வளைகுடா நாடுகளில் உழைக்கும் இலங்கையர் பலருக்கும், புலம்பெயர்ந்து வாழும் உறவினருக்கும், வீட்டார் உயிரோடிருக்கின்றனரா என்பதை அறிய இருந்த எளிய வழி வாட்ஸ்அப்பும் வைபரும்தாம். குருதி தேவை என்ற வேண்டுகோள் பரவிய வேகத்தில், கொழும்பு தேசிய இரத்த மையத்தின் முன்னே எல்லா இனத்தாரும் திரண்டு நின்றனர். ஒரு கருவி மனிதரை மனிதரிடம் இவ்வளவு விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததை நாம் மறுப்பதற்கில்லை.

ஆயினும் அன்றே இலங்கை அரசு முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம், யூடியூப், வைபர் முதலியவற்றை முடக்கியது. ஏப்ரல் 30 அன்றுதான் தடை நீக்கப்பட்டது. வதந்தி பரவினால் பழிவாங்கல் தொடங்கிவிடும் என்பது அரசின் அச்சம். அந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வெறுப்பைப் பரப்பியதில் முகநூலுக்குப் பங்கு இருந்தது. 2020 மே மாதத்தில் அந்நிறுவனமே அதற்காக வருத்தம் தெரிவித்தது. எனினும் தடை முழுப் பயன் தரவில்லை. வி.பி.என். செயலிகளின் துணைகொண்டு தடையைக் கடந்தோர் பலர். வதந்தி பரப்ப விரும்பியவன் வழி கண்டுகொண்டான். மகனின் குரலைக் கேட்க விரும்பிய எளிய தாய்தான் வழியறியாது தவித்திருப்பாள். ஆகவே, கதவை அடைப்பதா திறப்பதா என்ற வாதம் மட்டும் நம்மை நெடுந்தொலைவு இட்டுச்செல்லாது. கதவு வழியே வருவதை வாசிக்கத் தெரிந்திருக்கிறோமா என்பதே அடிப்படைக் கேள்வி.

கூற்று, கேட்போர், களன், காலம்

வாசிப்பதற்குத் தமிழ் நமக்குத் தந்திருக்கும் அளவுகோல் பழமையானது. தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு செய்யுளுக்கு வகுக்கும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பனவும் இடம்பெறுகின்றன. சொல்பவர் யார், கேட்பவர் யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதன்பொருட்டு என்பன தெரியாமல் ஒரு சொல்லின் பொருள் முழுமை பெறாது என்று நம் இலக்கண மரபு கருதியது. சங்க அகப்பாடல்களின் அடியில், இது தலைவி கூற்று, இது தோழி கூற்று என்ற குறிப்பு நிற்பதும் இதனாலேயே. அக்குறிப்பை நீக்கிவிட்டால் ஊடல் பாட்டைப் பிரிவுப் பாட்டாகவும், கேலியைச் சாபமாகவும் நாம் கொள்ளக்கூடும். நெருக்கடி நாளில் கைப்பேசிக்கு வரும் செய்தி, அடிக்குறிப்பு அறுக்கப்பட்ட பாட்டைப் போன்றது. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின்வந்த வாரங்களிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகளை நோக்குவோம்.

முதலாவது, காலம் அறுக்கப்பட்ட ஒரு காணொளி. பெண்கள் அணியும் புர்காவில் இருந்த ஆடவன் ஒருவனைக் காவலர் பிடித்துச்செல்லும் காட்சி அது. குண்டுவெடிப்போடு தொடர்புடையவன் பிடிபட்டான் என்ற விளக்கத்தோடு அது பரவியது. காட்சி பொய்யன்று, அது 2018ஆம் ஆண்டில் பதிவானது, தாக்குதலோடு எவ்விதத் தொடர்பும் அற்றது. ஒரு பொய்யைப் படைக்க இங்கே யாரும் எதையும் புனையவேண்டியிருக்கவில்லை. நாளை மட்டும் நீக்கினால் போதுமாயிருந்தது. கண்ணால் கண்டதே மெய் என்ற பழமொழியை நம்பி வளர்ந்த நமக்கு இது எச்சரிக்கை. கண் காட்சியைக் காணும்; காலத்தைக் காணாது.

இரண்டாவது, கேட்போரும் களனும் அறுக்கப்பட்ட ஒரு வாக்கியம். தாக்குதலுக்குப்பின் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஞாயிறு திருப்பலிகள் கொழும்பு உயர்மறைமாவட்டத்தில் மீண்டும் தொடங்கிய நாள் 2019 மே 12. அதே ஞாயிறன்று சிலாபத்தில், முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் எழுதிய ஆங்கில வாக்கியம் ஊரைக் கொந்தளிக்கச் செய்தது. அதிகம் சிரிக்கவேண்டாம், ஒரு நாள் அழுவீர்கள் என்பது அதன் கருத்து. முஸ்லிம்களை இழிசொல்லால் குறித்து, தம்மை அழவைப்பது எளிதன்று என்று சிங்களத்தில் எழுதிய ஒருவருக்கு அவர் அளித்த மறுமொழி அது. ஆங்கிலச் சொற்கோவையில் தேர்ச்சியற்ற ஒருவர், சீண்டலுக்குப் பதிலாக எழுதிய வரி. உரையாடலிலிருந்து பிரித்தெடுத்து, வேறு கண்களின் முன் வைத்தபோது, அடுத்த குண்டுக்கான அறிவிப்பாக அது வாசிக்கப்பட்டது. பள்ளிவாசல் மீதும் கடைகள் மீதும் கற்கள் பாய்ந்தன. மறுநாள் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தன. புத்தளம் மாவட்டத்தில் தச்சுத்தொழிலாளி ஒருவர் தம் பட்டறையிலேயே கொல்லப்பட்டார். அந்த வாக்கியத்தை அவர் படித்திருந்தாரா என்பதுகூட யாருக்கும் பொருட்டாயிருக்கவில்லை. நாடெங்கும் இரவில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சமூக ஊடகங்கள் மீண்டும் முடக்கப்பட்டன.

மூன்றாவது எடுத்துக்காட்டு முன்னிரண்டினும் வேறானது. அதனாலேயே நமக்குப் பெரிதும் பயன்படுவது. ஏப்ரல் 25 அன்று இலங்கைக் காவல்துறை, தேடப்படுவோரின் ஒளிப்படங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று, தாக்குதலோடு சிறிதும் தொடர்பில்லாத, அமெரிக்காவில் பயின்ற ஒரு முஸ்லிம் மாணவியின் படம். அவர் தமக்கு இழைக்கப்பட்ட தவற்றைச் சமூக ஊடகம் வாயிலாகவே உலகறியச் செய்தார். காவல்துறை தவற்றை ஒப்புக்கொண்டு வருந்தியது. அதே நாளில், இறந்தோர் எண்ணிக்கையையும் அரசு 359 என்பதிலிருந்து ஏறத்தாழ 253 எனக் குறைத்துத் திருத்தியது. தவறுகள் கொடியவை, ஐயமில்லை. எனினும் இங்கே கூற்று இருந்தது. சொன்னவர் இன்னார் என்று தெரிந்தது. ஆகவே அவரிடம் சென்று கேட்கவும், அவர் தம் சொல்லைத் திரும்பப் பெறவும் முடிந்தது. பெயருள்ள பிழைக்குத் திருத்தம் உண்டு. பெயரில்லாத பிழையைத் திருத்தக் கடமைப்பட்டவர் எவருமிலர்.

அச்சு ஊடகம் இதிலிருந்து தப்பியது என்று நாம் சொல்லவரவில்லை. 2019 மே மாதத்திலேயே சிங்கள நாளிதழ் ஒன்று, முஸ்லிம் மருத்துவர் ஒருவர் ஆயிரக்கணக்கான பெண்களைக் கருத்தடைக்கு உள்ளாக்கினார் என்று முதற்பக்கத்தில் வெளியிட்டது. அவர் கைதானார். குற்றச்சாட்டுக்குச் சான்று இல்லை என்று புலனாய்வுத் துறையே பின்னர் நீதிமன்றத்தில் கூறியது. மை பூசிய தாளும் ஒளிரும் திரையும் பொய்யைத் தாங்குவதில் சமமே. திரை பொய்க்கு வேகத்தைக் கூட்டுகிறது; ஆயிரம் கைகளைத் தருகிறது.

பகிரப்படாத ஓர் உண்மை

பொய் ஏன் இவ்வளவு எளிதில் வேரூன்றியது என்று கேட்கும்போது, பகிர்ந்தோரை மட்டும் பழிப்பது நீதியாகாது. தாக்குதல் நடக்கவிருப்பதாக இந்திய உளவுத்துறை 2019 ஏப்ரல் 4 அன்றே இலங்கைக்கு எச்சரிக்கை விடுத்தது. ஏப்ரல் 11ஆம் நாளிட்ட காவல்துறை மடல் ஒன்று அதை அதிகாரிகளுக்குத் தெரிவித்தது. அதில் பெயர்கள் இருந்தன, நாள் இருந்தது, அனுப்பியவரின் கையொப்பம் இருந்தது. மொட்டைக் கடிதத்தில் எவையெவை இரா என்றோமோ, அவை யாவும் இருந்த ஆவணம் அது. ஆனால் ஆலயங்களுக்கு அச்செய்தி எட்டவில்லை. குண்டு வெடித்தபின், அமைச்சர் ஒருவர் அம்மடலைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டபோதுதான் நாடு அதை அறிந்தது. கடமை தவறியதற்காக அன்றைய அரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என 2023 சனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மெய்யான எச்சரிக்கை கோப்புக்குள் உறங்கியது. பொய்யான எச்சரிக்கைகள் கோடிக் கைகளில் பறந்தன. பொறுப்பில் இருப்போர் பேசவேண்டிய வேளையில் வாய்மூடினால், அந்த மௌனத்தை மொட்டைக் கடிதங்கள் வந்து நிரப்பும். அதுபோலவே நிறுவனங்களின் பொறுப்பும் சிறிதன்று. தாக்குதலை வழிநடத்தியவனின் வெறுப்புரைகள் முகநூலிலும் யூடியூபிலும் உலவின. அவை ஒலித்தது நம் தமிழ்மொழியில். முஸ்லிம் மக்களுள் பலர் அவனைக் குறித்து அதிகாரிகளிடம் முன்னரே முறையிட்டிருந்தனர். அவர்களது முறையீட்டுக்குச் செவிசாய்க்காத அதே நாட்டில்தான், பின்னர் அவர்களது கடைகள் எரிந்தன.

காட்டவேண்டியதும் காட்டக்கூடாததும்

செய்திகளைப் போலவே படங்களையும் ஆய்ந்து நோக்குதல் வேண்டும். அதே 2019ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரைச் சுட்டுக்கொன்றவன், தன் செயலை முகநூலில் நேரலையாக ஒளிபரப்பினான். நேரலையில் அதைக் கண்டோர் 200 பேருக்கும் குறைவு. ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் அக்காணொளியின் 15 இலட்சம் படிகளை நீக்கவேண்டியிருந்தது என்று அந்நிறுவனம் அறிவித்தது. கொலைஞன் செய்தது ஒரு படம். அதைப் பன்மடங்காக்கியவை பிறர் கைகள். அவர்களுள் பலர் அவனை வெறுத்தவர்களாகவும் இருக்கலாம். ஆயினும் பார்வையாளர் கூட்டம் வேண்டும் என்ற அவன் விருப்பத்தை நிறைவேற்றியவர்கள் அவர்களே.

இதனோடு கட்டுவாப்பிட்டியிலிருந்து வந்த ஒரு படத்தை ஒப்பிட்டு நோக்குக. ஆலயத்தினுள் நிற்கும் உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தில் மக்களின் குருதி தெறித்துப் படிந்திருந்தது. செய்தி நிறுவனங்கள் வாயிலாக, இடமும் நாளும் குறிக்கப்பட்டு, அப்படம் உலகெங்கும் சென்றது. இறந்தோர் எவரது முகமும் அதில் இல்லை. சிதைந்த உடல் எதுவும் இல்லை. ஆயினும் அன்று நடந்தது இன்னதென்று அதைக் கண்டோர் உணர்ந்தனர். அந்நாளில் வாட்ஸ்அப்பில் சுற்றிய உடற்சிதைவுப் படங்கள் இதில் பாதியைக்கூட உணர்த்தவில்லை என்பது நம் மதிப்பீடு. அவை அதிர்ச்சி தந்தன, துக்கத்தைத் தரவில்லை. தன் பிள்ளையின் உடலைக் கைப்பேசித் திரையில் முதன்முதலாகக் காணும் ஒரு பெற்றோரை எண்ணிப்பார்ப்போமாயின், எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்பதற்கு வேறு விதி வேண்டியதில்லை.

எதற்கும் அனுப்பிவைப்போம் என்னும் வாதம்

நெருக்கடி வேளையில் ஆராய நேரம் ஏது, எச்சரிக்கை பொய்யாயினும் கேடில்லை, மெய்யாயின் ஓர் உயிர் தப்புமே என்பது பலரும் கூறும் வாதம். நல்லெண்ணத்தில் பிறந்த வாதம்தான். அதில் மறைந்து நிற்கும் கணக்கு ஒன்று உண்டு. அனுப்புபவருக்கு அதனால் இழப்பு ஏதுமில்லை. இழப்பு முழுவதும் அச்செய்தியில் சுட்டப்படுபவருக்கே. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோவிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்று கருதப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். பிள்ளை பிடிப்போர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் உலவிய எச்சரிக்கைகளே அவ்வூர் மக்களின் அச்சத்தை மூட்டியிருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று அனுப்பியவர் எவரும் அம்மூதாட்டிக்குத் தீங்கு நினைத்தவர் அல்லர். அவ்வாண்டின் கொலைகளுக்குப் பின்னரே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் இந்தியாவிலும், 2019 சனவரியில் உலகெங்கிலும் வரம்பு விதித்தது. கருவியால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த இயலும். இது மெய்யா என்று கேட்கும் கடமை நம்மிடமே எஞ்சுகிறது.

இவ்விடத்தில் கத்தோலிக்கப் பொதுநிலையினருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளையை விளக்கும்போது, 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், அவதூறு செய்வதை மட்டுமின்றி, போதிய சான்றின்றிப் பிறர்மீது குற்றத்தை உண்மையென ஏற்பதையும் அக்கட்டளைக்கு எதிரான பாவமாகவே எண்ணுகிறது. உள்ளத்தளவில் நம்புவதே குற்றமெனில், நம்பியதை நூறு பேருக்கு அனுப்புவதை என்னென்பது? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டின் உலகச் சமூகத்தொடர்பு நாள் செய்தியைப் பொய்ச் செய்திகளைப் பற்றியே வரைந்தார்; அவற்றின் வேரை ஏதேன் தோட்டத்துப் பாம்பின் பேச்சில் கண்டு காட்டினார். உண்மையோடு சிறிது பொய் கலந்து, நண்பனைப்போல் வந்து பேசிய பேச்சு அது.

நீர்கொழும்பு, கத்தோலிக்கர் மிகுதியாக வாழ்வதால் சிறிய ரோமாபுரி என்றே அழைக்கப்படும் ஊர். தம் நாட்டில் சமயத் துன்புறுத்தலுக்கு ஆளாகி வந்த பாக்கித்தானிய அகமதியா அகதிகள் நூற்றுக்கணக்கானோர் அங்கே வாடகை வீடுகளில் தங்கியிருந்தனர். தாக்குதலுக்குப்பின் அவர்கள் அச்சுறுத்தலுக்கு உள்ளாகி, அவ்வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. குண்டு வைத்தவர்களோடு அவர்களுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரின் துயரம் அளவிடற்கரியது. அத்துயரத்தின் முன் நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் துயருற்றவர் என்ற உரிமை, அடுத்தவரைக் குற்றவாளி என்று தீர்ப்பிடும் உரிமை ஆகாது. மே மாதம் நீர்கொழும்பில் மோதல் மூண்டபோது, கர்தினால் மால்கம் ரஞ்சித் அங்கு சென்று, முஸ்லிம் மக்களுக்குத் தீங்கிழைக்கவேண்டாம் என்று தம் மக்களை வேண்டினார். தம் மந்தையின் பெருங்காயம் ஆறாத நிலையில் அவர் அதைச் சொன்னார். அச்சொல்லுக்கு அடியில் அவர் பெயர் இருந்தது.

நமக்கும் இதுவே அளவுகோலாகத் தக்கது. நெருக்கடி நாளில் ஒரு செய்தி கைக்கு வரும்போது, சொன்னவர் யார், யாரிடம், எங்கே, எப்போது, எதன்பொருட்டு என்று கேட்போம். விடை கிடைக்காவிடில் அனுப்பியவரையே அழைத்துக் கேட்போம். அவருக்கும் தெரியவில்லையெனில் அச்செய்தி நம்மோடு நிற்கட்டும். தவறானதை அனுப்பிவிட்டவர் திருத்தத்தையும் அதே குழுக்களுக்கு, அதே விரைவில் அனுப்பட்டும். அன்பியக் கூட்டங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் இப்பயிற்சியை அமைதியான நாள்களிலேயே அளித்தல் நன்று. தீப்பற்றியபின் கிணறு வெட்டத் தொடங்கினால் யாருக்குப் பயன்? இவ்வளவும் செய்தபின்னும் ஐயம் எஞ்சுமாயின், ஒரே ஒரு கேள்வி போதும். இச்செய்தியைத் தாளில் எழுதி, கீழே நம் பெயரையும் ஊரையும் நாளையும் குறித்து, கையொப்பமிட்டு, அதில் சுட்டப்பட்டவரின் வீட்டு வாசலில் நின்று கொடுக்க நாம் துணிவோமா? துணிவோமெனில் அனுப்பலாம்.